தறி நின்ற காலத்தில் குடும்பக் கணக்கு

வரதராஜன்பேட்டைப் பகுதிச் சங்கமொன்றின் கூட்டத்தில் சிக்கனத்தைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அங்கத்தினர் எழுந்தார். வீட்டில் இரண்டு தறிகளும் ஊருக்கு வெளியே ஒரு காணி முந்திரித் தோப்பும் உடையவர். "ஐயா, சம்பாதிக்கிறபோது வரவு செலவு எழுது என்றால் எழுதலாம். வேலையே இல்லாதபோது எதை எழுதுவது?" என்று கேட்டார். சபையில் சிலர் நகைத்தனர். நமக்கு நகைப்பு வரவில்லை. அன்று நாம் கூறிய மறுமொழி அரைகுறையானது. அதனை முழுமையாகக் கூற முயல்வதே இம்மாதப் பாடம்.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வருவாய் உள்ள காலத்தில் கணக்கு எழுதாதவனுக்கு நஷ்டம் சிறிது. வருவாய் அற்ற காலத்தில் எழுதாதவனுக்கு நஷ்டம் பெரிது. நிறைந்த குளத்தில் மடை எங்கே கசிந்தாலும் பயிர் வாடாது. வற்றிய குளத்திலோ ஒவ்வொரு குடமும் எங்கே போகிறது என்று பார்த்தே ஆகவேண்டும்.

வேலையின்மை இரு வகை

நெசவாளருக்கும் முந்திரி வைத்திருப்பவருக்கும் வேலையின்மை புதிய விருந்தாளி அன்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பிடித்தால் குழித்தறியில் நீர் ஊறும். தெருவில் பாவு போட இயலாது; கஞ்சி தோய்த்த பாவு உலராது. ஆடி மாதத்தில் திருமண முகூர்த்தங்கள் இன்மையால் பட்டுச் சேலைகள் பெட்டியிலேயே தூங்கும். முந்திரியோ மாசி, பங்குனியில் கொட்டை உதிரத் தொடங்கி வைகாசியோடு ஓய்ந்துவிடும். எஞ்சிய மாதங்களில் மரம் நிழல் தருமேயன்றிப் பணம் தராது. இவையெல்லாம் நாட்காட்டியில் முன்பே எழுதப்பட்ட வேலையின்மை. இதனை 'அறிந்த வேலையின்மை' எனலாம்.

மற்றொன்று அறியாமல் வருவது. 1952-ஆம் ஆண்டில் சென்னை மாநிலத்தில் கைத்தறித் துணிகள் விற்பனையின்றித் தேங்கின. நெசவாளர் ஊர்களில் கஞ்சித் தொட்டிகள் திறக்கப்பட்டன. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அறிஞர் அண்ணா முதலிய தலைவர்கள் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். அதே 1953-இல் ஆலைத்துணியின்மீது கெஜத்துக்கு மூன்று தம்பிடி மேல்வரி விதித்து, அத்தொகையைக் கைத்தறி, கதர்த் தொழில்களின் வளர்ச்சிக்குச் செலவிடப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது.

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. நமக்கு அடுத்த கடலூர் மாவட்டத்தில், தாத்தா காலத்து முந்திரி மரங்கள் ஒரே காலைப்பொழுதில் வேரோடு சாய்ந்தன. பின்னர் 2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. அது முந்திரிக் கொட்டை உதிரும் பருவம். சித்திரை, வைகாசித் திருமணங்களுக்குத் துணி விற்கவேண்டிய பருவமும் அதுவே. தறியும் தோப்பும் ஒருசேர வைத்திருந்த குடும்பங்களுக்கு இரண்டு கதவுகளும் ஒரே நாளில் அடைபட்டன.

அறிந்த வேலையின்மைக்கு முன்கூட்டியே சேமித்தல் மருந்து. அறியாத வேலையின்மைக்கு முதல் வாரத்திலேயே கணக்கிடுதல் மருந்து. சேமிப்பைப் பற்றி இவ்வேட்டில் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே இரண்டாவதையே இங்கு விரிவாக ஆராய்வோம்.

முதற்படி: மறையாமை

இவ்விடத்தில் நம் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுவது தவறாகாது. பட்டம் பெற்றபின், கூட்டுறவுத் துறைக்கு வருமுன், நாம் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தோம். எட்டாம் மாதம் அந்நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தது. நம் பெயர் பட்டியலில் முதலாவதாக இருந்தது. இதனை வீட்டில் சொல்ல நாணினோம். வழக்கம்போலச் சோற்றுப் பொட்டலத்துடன் காலையில் புறப்பட்டு, பேருந்துக் கட்டணம் கொடுத்து நகரத்துக்குச் சென்று, நூலகத்திலும் பேருந்து நிலையத்திலும் பொழுதைக் கழித்து, மாலையில் திரும்பினோம். இருபத்தாறு நாட்கள் இவ்வாறு கழிந்தன.

'பிள்ளை சம்பாதிக்கிறான்' என்ற நம்பிக்கையில் அதே மாதம் நம் அன்னையார் மாவரைக்கும் இயந்திரம் ஒன்றைத் தவணையில் வாங்கினார். தவணைச் சீட்டைக் கண்டபோதுதான் நமக்கு வாய் திறந்தது. அன்னையார் சினக்கவில்லை. நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்புறத்தைக் காட்டி, "தம்பி, கையில் இருப்பது எவ்வளவு, கொடுக்கவேண்டியது எவ்வளவு? மறைக்காமல் எழுது" என்றார். பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு படித்தும் நாம் கற்காத கணக்கியல் பாடம் அந்தத் தாளில் அடங்கியிருந்தது. இருபத்தாறு நாட் பேருந்துக் கட்டணமும் ஓர் இயந்திரத்தின் விலையும் நாம் மறைத்ததற்குச் செலுத்திய அபராதம்.

எனவே முதல் விதி இதுவே. வேலை நின்ற அன்றிரவே கணவன், மனைவி, விவரம் அறிந்த பிள்ளைகள் ஆகிய அனைவரும் கூடி அமரவேண்டும். வீட்டுச் செலவில் பெரும்பகுதி பெண்கள் கையால் நடைபெறுகிறது. செய்தி அவர்களுக்குத் தெரியாவிடில் சிக்கனம் எங்கிருந்து வரும்? பிள்ளைகளும் காரணம் அறிந்தால் பொறுத்துக்கொள்வார்கள்.

இரண்டாம் படி: மூன்று பட்டியல்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். அதில் மூன்று தலைப்புகள் இடுக.

முதலாவது, கையில் உள்ளது: ரொக்கம், வங்கி இருப்பு, சங்கத்தில் உள்ள சேமிப்பு, வீட்டில் உள்ள நெல், அரிசி, விற்காத துணி, மூட்டையில் உள்ள கொட்டை.

இரண்டாவது, வரவேண்டியது: சங்கத்திலோ வியாபாரியிடமோ நிற்கும் கூலி, கைமாற்றாகக் கொடுத்த பணம், அரசு உதவித் தொகை. இவற்றுள் உறுதியாக வரும் தொகைகளை ஒருபுறமும், 'வந்தால் வரும்' என்பவற்றை மறுபுறமும் எழுதவேண்டும். இரண்டாம் வகையைக் கூட்டலில் சேர்த்தல் ஆகாது. பாதிக் குடும்பங்கள் கவிழ்வது இக்கூட்டல் பிழையால்தான்.

மூன்றாவது, கொடுக்கவேண்டியது: யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி என்ற நான்கு விவரங்களும் ஒவ்வொரு கடனுக்கும் வேண்டும். வட்டி விகிதத்தை எழுதாத கடன் பட்டியல் பாதிப் பட்டியலே.

மூன்றாம் படி: எத்தனை மாதம் தாங்கும்?

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம். ஐவர் உள்ள நெசவாளர் குடும்பம். தறி நின்ற நாளில் கையில் 4,000 ரூபாய், சேமிப்பில் 14,000 ரூபாய், உறுதியாக வரவேண்டிய கூலி 3,000 ரூபாய். ஆக 21,000 ரூபாய். அரிசி நியாய விலைக் கடையில் கிடைக்கிறது. 2011-ஆம் ஆண்டு ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசி அட்டைதாரருக்கு அது விலையின்றி வழங்கப்பட்டு வருவதை நாம் அறிவோம். வேலை நடந்த காலத்தில் மற்றச் செலவுகள் மாதத்துக்குக் கீழ்க்கண்டவாறு இருந்தன என்று வைத்துக்கொள்வோம்.

மளிகை, காய்கறி, பால், எண்ணெய்: 4,200 ரூபாய்
எரிவாயு, மின்சாரம், கைபேசி: 1,500 ரூபாய்
பள்ளி, பேருந்து: 1,200 ரூபாய்
மருந்து: 700 ரூபாய்
தேநீர்க் கடை, வெற்றிலை பாக்கு, சில்லறைச் செலவு: 1,400 ரூபாய்
மொய், விசேஷங்கள்: 1,000 ரூபாய்
சீட்டு: 1,000 ரூபாய்
மொத்தம்: 11,000 ரூபாய்

இப்படியே நடத்தினால் 21,000 ரூபாய் இரண்டு மாதம்கூடத் தாங்காது. மூன்றாம் மாதம் வாசலில் வட்டிக்காரர் நிற்பார். இனி, குறைத்து எழுதுவோம். மளிகை முதலியன 3,000, எரிவாயு, மின்சாரம், கைபேசி 1,100, பள்ளி 1,200, மருந்து 700, தேநீர், சில்லறை 200, மொய் 300. சீட்டு நிறுத்தம். ஆக 6,500 ரூபாய். இப்போது மூன்று மாதத்துக்குச் சற்று மேல் தாங்கும்.

அடுத்து, வீட்டில் இருவர் சேர்ந்து முந்திரிக் கொட்டை உடைத்தல், பிறர் தறிக்குத் தார் சுற்றுதல், கூலி வேலை ஆகியவற்றால் மாதம் 3,000 ரூபாய் ஈட்டினால், கையிருப்பிலிருந்து எடுக்கவேண்டியது 3,500 ரூபாயே. 21,000 ரூபாய் ஆறு மாதம் தாங்கும்! அதே பணம், அதே குடும்பம். இரண்டு மாதம் ஆறு மாதமாக நீண்டது. ஆறு மாதத்தில் மழைக்காலம் கழிந்துவிடும், தேங்கிய துணி விற்றுவிடும், முந்திரி பூத்துவிடும். சிக்கனத்தால் செல்வனானவன் உண்டோ என்று கேட்பவர்க்கு நம் விடை இது: இக்காலத்தில் சிக்கனம் செல்வத்துக்காக அன்று, காலத்தை வாங்குவதற்காக.

மேற்கண்ட பட்டியலில் இரு தொகைகள் குறையாமல் நிற்பதைக் கவனிக்க. மருந்தும் பள்ளியும் அவை. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் உள்ள மாத்திரையை நிறுத்திச் சேமிக்கும் 700 ரூபாய், மருத்துவமனையில் பன்மடங்காகத் திரும்பக் கேட்கும். விலை கொடுத்து வாங்க இயலாதெனில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெறலாம், நிறுத்தலாகாது. பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தார் சுற்ற வைப்பதும் அவ்வாறே. ஒருமுறை நின்ற பிள்ளை தறி ஓடத் தொடங்கியபின் பள்ளிக்குத் திரும்புவது அரிது.

மொய்க்கு 300 ரூபாய் வைத்ததையும் சிலர் குறை கூறலாம். நாம் வேண்டுமென்றே வைத்தோம். திருமணத்துக்கும் துக்கத்துக்கும் போகாமல் ஒதுங்கும் குடும்பம், உதவி கேட்கும் நாளிலும் ஒதுங்கியே நிற்கும். சிறிய தொகை எழுதுவதில் இழிவில்லை.

சீட்டு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. எடுக்காத சீட்டாயின், நடத்துபவரிடம் பேசி வேறொருவருக்கு மாற்றிக்கொள்ளலாம். எடுத்த சீட்டு கடனே ஆகும். அதனை நிறுத்துதல் நாணயக் கேடு. கடன் பட்டியலில் சேர்க்கவேண்டும்.

நான்காம் படி: கடன்களை வரிசைப்படுத்தல்

நம் மக்கள் வட்டியை 'மூன்று வட்டி', 'ஐந்து வட்டி' என்று மாதக் கணக்கில் சொல்வதால் அது சிறிதாகத் தோன்றுகிறது. நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் என்பது ஆண்டுக்கு 60 ரூபாய். 10,000 ரூபாய் கடனுக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்துக்கொண்டே வந்தால், இருபது மாதத்தில் முதல் அளவுக்கு வட்டி கட்டியிருப்போம். முதல் அப்படியே இருக்கும்.

தண்டல் கடன் இன்னும் மாயமானது. 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு 100 ரூபாயாக நூறு நாட்கள் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். '8,500-க்கு 1,500 தானே' என்று தோன்றும். ஆனால் அந்த 8,500 ரூபாய் நூறு நாளும் நம்மிடம் இருப்பதில்லை. இரண்டாம் நாளே தேயத் தொடங்கி, ஐம்பதாம் நாளில் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. இதனைக் கணக்கிட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு நூற்றுக்கு 120 ரூபாய்க்குக் குறையாத வட்டி. எந்தத் தறியும் எந்தத் தோப்பும் இவ்வளவு லாபம் தருவதில்லை. வேலையற்ற நாளில் தினந்தோறும் 100 ரூபாய்க்கு எங்கே போவது? இன்னொரு தண்டலுக்குத்தான்.

அதிக வட்டியை இவ்வாறு கறப்பதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலிய பெயர்களைச் சொல்லியே அச்சட்டம் தடை செய்கிறது. மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. எனினும் சட்டத்தின் உதவியை நாடும் நிலைக்கு வராமல் காத்துக்கொள்வதே அறிவுடைமை.

ஆகவே, கையில் மிஞ்சும் சிறு தொகையை எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுப்பதைவிட, அதிக வட்டியுள்ள கடனை முதலில் தீர்க்க முயலவேண்டும். மற்றவர்களிடம் தவணைத் தேதிக்கு முன்பே நேரில் சென்று நிலைமையைக் கூறவேண்டும். தேதி கடந்தபின் சொல்வது சாக்கு எனப்படும். தேதிக்கு முன் சொல்வது நாணயம் எனப்படும். சொற்கள் ஒன்றே, நாள்தான் வேறு.

சங்கக் கடனுக்கும் இது பொருந்தும். இன்ஸ்பெக்டராக நாம் கண்ட உண்மை ஒன்று உண்டு. தவணை கட்ட இயலாத அங்கத்தினர்கள் சங்கக் கட்டிடத்தைக் கண்டாலே சந்து வழியாகச் சுற்றிப் போகிறார்கள். அவ்வாறு போகவேண்டியதில்லை. ஒரு தாளில் விண்ணப்பம் எழுதிச் செயலாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கவேண்டும். இயற்கைப் பேரிடரால் பயிர் அழிந்து அரசு அதனை அறிவிக்குமாயின், குறுகிய காலப் பயிர்க்கடனை மத்திய காலக் கடனாக மாற்றித் தவணையை நீட்டிக்கும் முறை உண்டு. விண்ணப்பமும் பதிவும் இல்லாதவருக்கு அவ்வுதவி கிட்டுவது கடினம்.

எதை விற்கலாம்? எதை விற்கலாகாது?

கையிருப்பு தீர்ந்தால் நகையை நாடுவது நம் வழக்கம். நகை அதற்காகவே வாங்கப்பட்டது, வெட்கப்படவேண்டுவதில்லை. எனினும் சங்கத்திலோ வங்கியிலோ அடகு வைத்தலே நன்று. மாதம் நூற்றுக்கு 1 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 12. கடைத்தெருவில் 3 ரூபாய் என்றால் 36. அடகுச் சீட்டை வாங்கும்போதே மீட்கவேண்டிய தேதியை நோட்டில் எழுதுக. ஆண்டுதோறும் ஏலத்துக்குப் போகும் நகைகளில் பல, பணமின்மையால் மட்டுமன்றித் தேதி மறதியாலும் போவன.

தறியை விற்கலாகாது. விழுதும் பண்ணையும் அச்சும் பழைய மரமாகவும் இரும்பாகவும் விலை போகும். திரும்ப அமைக்கும்போது புதுவிலை கேட்கும். தறியில்லா நெசவாளனுக்குப் பாவு கொடுக்கச் சங்கத்தாலும் இயலாது. தொழிற்கருவியை விற்று உண்பது விதைநெல்லைக் குற்றி உண்பது போன்றதே.

முந்திரி வைத்திருப்போர் ஒரு தவற்றை அடிக்கடி செய்கின்றனர். ஐப்பசியில் கைப்பணம் இன்மையால், பூக்குமுன்னரே மரத்து மகசூலை வியாபாரிக்கு முன்விலைக்கு விட்டுவிடுகின்றனர். பூவின் அளவையும் பனியின் கேட்டையும் அறியாத காலத்தில் பேசும் விலை எப்போதும் வாங்குபவனுக்கே சாதகம். தவிர்க்க இயலாவிடில் தோப்பில் ஒரு பகுதியை மட்டும் விடுக. முழுத் தோப்பையும் விடலாகாது.

தானே புயலின் பாடம் இன்னும் கடினமானது. ஒட்டுக்கன்று நட்டாலும் மூன்றாம் ஆண்டு வாக்கில்தான் காய்ப்பு தொடங்கும். நல்ல மகசூலுக்கு ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். அதுவரை உண்பது எதை? இளங்கன்றுகளுக்கு இடையே நிலக்கடலையும் உளுந்தும் விதைக்கலாம் என்று வேளாண் துறையினர் கூறுவது இதற்கே. நம் பகுதிக்கு அருகே விருத்தாசலத்திலுள்ள ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 முதலிய இரகங்களின் ஒட்டுக்கன்றுகளை நடுவோர், நடும் செலவோடு இடைப்பட்ட ஆண்டுகளின் வீட்டுச் செலவையும் சேர்த்தே கணக்கிடவேண்டும். கன்றுக்கு மட்டும் கணக்குப் போட்டுவிட்டு, நட்டவனின் வயிற்றுக்குக் கணக்குப் போடாததால் கைவிடப்படும் தோப்புகள் உண்டு.

ஒரு நெசவூரின் வரலாறு

வெளிநாட்டு வரலாறு ஒன்றை இங்கு நினைவூட்டுகிறோம். ஆஸ்திரியா நாட்டில் வியன்னா நகருக்கு அருகே மரியந்தால் என்றோர் ஊர். ஊரே ஒரு துணி ஆலையை நம்பி வாழ்ந்தது. 1929, 1930-ஆம் ஆண்டுகளில் ஆலை படிப்படியாக மூடப்பட்டது. ஏறத்தாழ 480 குடும்பங்கள் உள்ள அவ்வூரில் பெரும்பாலோர் வேலையற்றோர் உதவித்தொகையை நம்பி வாழ்ந்தனர். மேரி யகோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகிய மூவரும் துணைவர்களோடு அங்குச் சென்று ஆராய்ந்து 1933-இல் ஒரு நூல் வெளியிட்டனர்.

அவர்கள் கண்டவை சிந்திக்கத்தக்கவை. ஆடவர் தெருவில் நடக்கும் வேகமே குறைந்துவிட்டது. பொழுது மிகுந்தும் நூல்நிலையத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. உதவித்தொகை இரு வாரங்களுக்கு ஒருமுறை வந்தது. தொகை வருவதற்கு முந்திய நாள் பள்ளிப் பிள்ளைகள் பலர் வெறுங்கையோடோ வெறும் ரொட்டியோடோ வந்தனர். வந்த மறுநாள் பெரும்பாலோர் நல்ல உணவு கொண்டுவந்தனர். பதினான்கு நாள் பணம் பதினான்கு நாளுக்குப் பங்கிடப்படவில்லை என்பதே இதன் பொருள்.

மனநிலை வருமானத்தோடு ஒட்டி நின்றதையும் கணக்கிட்டுக் காட்டினர். உள்ளம் உடையாத குடும்பங்களில் நபர் ஒருவருக்கு மாதம் 34 ஷில்லிங். 'விதியே' என்று அடங்கியவர்களிடம் 30. நம்பிக்கை இழந்தவர்களிடம் 25. எல்லாவற்றையும் கைவிட்டவர்களிடம் 19. ஆதலால் வறியவனைச் 'சோம்பேறி' என்று ஏசுவோர் இந்த எண்களைச் சற்றே நோக்குவாராக. மனம் தளர்வதால் வறுமை என்பதைவிட, வறுமையால் மனம் தளர்கிறது என்பதே பெரும்பாலும் உண்மை.

உருளைக்கிழங்குக்கும் காய்கறிக்கும் இடம் போதாத சிறு தோட்டங்களில் சிலர் மலர்ச்செடி வளர்த்ததையும் அவர்கள் குறித்திருக்கின்றனர். அது மடமை என்று நாம் சொல்லமாட்டோம். நாம் மேலே தேநீருக்கு வைத்த 200 ரூபாயும் அத்தகைய மலர்ச்செடியே. எல்லாவற்றையும் வெட்டி எறியும் திட்டம் இரண்டாம் வாரமே முறிந்துபோகும்.

இதிலிருந்து இரு பழக்கங்களை மேற்கொள்ளலாம். ஒன்று, மாதப் பணத்தை நான்கு உறைகளில் இட்டு, வாரத்துக்கு ஒன்றாகப் பிரித்தல். மற்றொன்று, வேலை இல்லாவிடினும் காலையில் வழக்கமான நேரத்தில் எழுந்து, அச்சுக் கட்டுதல், தறிக்குழியைச் செப்பனிடுதல், தோப்பில் களை எடுத்தல், கணக்கு எழுதுதல் என்று நாளுக்கு ஒரு வேலையேனும் முடித்தல். வேலை திரும்பி வரும் நாளில் கை மறந்திருக்கலாகாது.

தறி மீண்டும் ஓடும்போது

1844-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 28 பேர் கூடி ஒரு கடை திறந்தனர். அவர்களுள் பலர் நெசவாளர். கூலி உயர்வு கேட்டுத் தோற்று, வறுமையில் வாடியவர்கள். வாரம் இரண்டு பென்ஸ், பின்னர் மூன்று பென்ஸ் என்று சேர்த்து, ஆளுக்கு ஒரு பவுன் மூலதனம் திரட்டினர். டிசம்பர் 21-ஆம் நாள் இரவு கடை திறந்தபோது வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி ஆகியவையே சரக்கு. கடன் விற்பனை இல்லை என்பது அவர்கள் வகுத்த விதிகளுள் ஒன்று. உலகக் கூட்டுறவு இயக்கம் அந்தச் சில்லறையில் வேரூன்றியது.

நம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிலும் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம் உண்டு. கூலியில் ரூபாய்க்கு 8 காசு அங்கத்தினர் செலுத்த, அரசு 4 காசு சேர்க்கிறது. மாதம் 10,000 ரூபாய் கூலி பெறுபவர் 800 ரூபாய் செலுத்தினால் அரசின் பங்கு 400 ரூபாய். கையில் கூலியைக் குறைத்துக் காட்டி வெளிவியாபாரியிடம் நெய்வோர், இந்த 4 காசையும் இழக்கின்றனர் என்பதை நினைவில் வைக்கவேண்டும். தறி ஓடத் தொடங்கிய முதல் கூலியிலேயே, பெருந்தொகையை எதிர்பாராமல் சிறுதொகையைச் சேமிக்கத் தொடங்குக.

முன்னே நம்மைக் கேள்வி கேட்ட அங்கத்தினரை மழைக்காலம் கழிந்தபின் மீண்டும் கண்டோம். நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். எழுத்து அவருடைய மனைவியாருடையது. "எல்லாம் சரியாகிவிட்டதா?" என்று வினவினோம். "இல்லை ஐயா. கம்மல் இன்னும் அடகில்தான் இருக்கிறது. ஆனால் தறி இரண்டும் வீட்டில் இருக்கின்றன, பெண் பள்ளிக்குப் போகிறாள், தோப்பை யாருக்கும் விடவில்லை. கம்மலை மீட்கும் தேதி இந்தப் பக்கத்தில் இருக்கிறது" என்றார். வேலையில்லாதபோது எதை எழுதுவது என்ற வினாவுக்கு அந்தப் பக்கமே விடை.

பயிற்சி வினாக்கள்
(சங்கக் கூட்டத்தில் படித்து விவாதிப்பதற்கு)

1. உங்கள் குடும்பத்தில் 'அறிந்த வேலையின்மை' எந்தெந்த மாதங்களில் வருகிறது? அதற்கென இப்போது எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்?
2. இன்று வருவாய் நின்றால் உங்கள் கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும்? செலவைக் குறைத்தபின் எத்தனை மாதம் தாங்கும்?
3. உங்கள் ஒவ்வொரு கடனுக்கும் ஆண்டு வட்டி எவ்வளவு? மாத வட்டியைப் பன்னிரண்டால் பெருக்கி எழுதுக.
4. தவணை கட்ட இயலாத அங்கத்தினர் சங்கத்தை அணுகத் தயங்குவது ஏன்? அத்தயக்கத்தைப் போக்க நிர்வாகக் குழு என்ன செய்யலாம்?